உங்களுக்குத் தெரியுமா? இரண்டு மகுடம், பத்துப் பிள்ளைகள், ஒரே ராணி!

பிரான்சுக்கும் ராணி, இங்கிலாந்துக்கும் ராணி! ஒரே ஆயுளில் இரண்டு நாட்டு மன்னர்களையும் மணந்து, இரண்டு அரியணைகளிலும் பட்டத்து ராணியாக உட்கார்ந்தவர் வரலாற்றில் ஒருவர்தான். பெயர் எலினோர். சொந்த மண், தென்மேற்கு பிரான்சின் அக்குவிட்டேன். காலம், 12-ஆம் நூற்றாண்டு!

இவர் கதையைத் தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருக்கிறது. கிடைத்ததை எல்லாம் கொட்டிவிடப் போகிறோம். கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்!

தாத்தா பாடினார், பாட்டி ஓடினார்!

அப்பாவைப் பெற்ற தாத்தா ஒன்பதாம் வில்லியம். அக்குவிட்டேனை ஆண்ட டியூக். கையில் வாள், வாயில் பாட்டு! தென்பிரான்சின் துருபதூர் கவிஞர்களில், பாடல்கள் மிஞ்சியிருக்கும் முதல் ஆள் இவர்தான். இன்றைக்கும் இவர் பெயரில் 11 பாடல்கள் இருக்கின்றன!

பாட்டோடு நிறுத்தினாரா? தனக்குக் கீழே இருந்த ஷாத்தெல்ரோ பிரபுவின் மனைவியையே கொண்டுவந்து, புவாத்தியே அரண்மனைக் கோபுரத்தில் குடிவைத்தார். அந்த அம்மாளை ஊர் அழைத்த பெயர் ‘ஆபத்தானவள்’! வில்லியம் தன் போர்க்கேடயத்தில் அவர் உருவத்தையே தீட்டி வைத்துக்கொண்டார்!

திருச்சபை சும்மா விடுமா? போப்பின் தூதரான பிஷப் வந்தார். அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பு என்றார். பிஷப்புக்கோ பளபளக்கும் வழுக்கை. உங்கள் தலையில் முடி முளைத்துச் சீப்பால் வாரும் நாளில் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டாராம் டியூக்!

உச்சம் இனிமேல்தான். அந்த அம்மாளுக்கு முதல் கணவர் மூலம் ஒரு மகள். டியூக்குக்குத் தன் மனைவி மூலம் ஒரு மகன். இரண்டு பேருக்கும் கல்யாணம் முடித்து வைத்தார்கள்! அவர்கள் பெற்ற பெண்தான் நம் எலினோர். அப்பாவைப் பெற்ற தாத்தாவும் அம்மாவைப் பெற்ற பாட்டியும் ஒரே கோபுரத்துக் காதலர்கள்!

அத்தை கதை இன்னும் ஒரு படி மேலே. அத்தை ஆக்னஸ் மணந்தது ஒரு சந்நியாசியை! அரகான் நாட்டு மன்னர் வாரிசு இல்லாமல் இறந்தார். மடத்தில் இருந்த தம்பி ரமிரோவை அழைத்துவந்து 1134-இல் மன்னராக்கினார்கள். 1135-இல் கல்யாணம். 1136-இல் பெண் குழந்தை. 1137-இல் அந்த ஒரு வயதுக் குழந்தைக்கு நிச்சயதார்த்தம். கையோடு மன்னர் மடத்துக்கே திரும்பிவிட்டார்! வந்த வேலை மூன்றே வருடத்தில் முடிந்தது. அந்தக் குழந்தைதான் பின்னாளில் அரகான் ராணி பெட்ரோனில்லா, எலினோரின் அத்தை மகள்!

சித்தப்பா ரேமண்ட் மட்டும் சளைத்தவரா? அந்தியோக்கியாவின் விதவை இளவரசி ஆலிஸ், தன்னை மணக்கத்தான் ரேமண்ட் வருகிறார் என்று காத்திருந்தார். ரேமண்ட் வந்தார். மணந்தது ஆலிஸின் மகளை! மணப்பெண்ணுக்கு வயது 8. மாப்பிள்ளைக்குக் கிடைத்த சீதனம், ஒரு ராஜ்யம்!

பன்றி போட்ட பிள்ளையார் சுழி!

எலினோர் பிறந்தது 1122 அல்லது 1124. ஒரே தம்பி 4 வயதில் இறந்தான். 1137-இல் புனித வெள்ளியன்று, யாத்திரை போன இடத்தில் அப்பாவும் இறந்தார். 15 வயதுகூட நிறைந்திராத பெண் கையில் ஒரு மாபெரும் தேசம்! பிரான்ஸ் மன்னர் நேரடியாக ஆண்ட நிலத்தைவிட அது பலமடங்கு பெரியது!

மாப்பிள்ளை லூயி பட்டத்துக்கு வரவேண்டியவரே இல்லை. தேவாலயப் படிப்பு படித்துக்கொண்டிருந்த இரண்டாவது மகன். மூத்தவர் பிலிப்புக்குத்தான் பட்டம். 1131 அக்டோபரில் பாரிஸ் தெருவில் பிலிப் குதிரையில் போகும்போது குறுக்கே ஒரு பன்றி ஓடியது. குதிரை இடறியது. பிலிப் காலி! அடுத்த 12 நாளில் தம்பி லூயிக்கு முடிசூட்டு. பன்றி மட்டும் ஓடாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை!

1137 ஜூலை 25. போர்டோ தேவாலயத்தில் கல்யாணம். மாப்பிள்ளை 500 வீரர்களுக்கு மேல் திரட்டிக்கொண்டு வந்து இறங்கியிருந்தார். ஆகஸ்ட் 1. மாமனார் ஆறாம் லூயி மரணம். தாலி ஏறி ஏழே நாளில் பிரான்சின் மகாராணி!

தங்கை பெட்ரோனில்லாவால் ஒரு போரே மூண்டது! அவர் மனதைப் பறிகொடுத்தது, அப்பா வயதைத் தாண்டிய, ஒற்றைக் கண் ரால் பிரபுவிடம். அவருக்கோ ஏற்கெனவே மனைவி இருந்தார். அந்த மனைவி ஷாம்பேன் பிரபுவின் குடும்பத்துப் பெண். பிறகு கேட்கவா வேண்டும்? லூயியின் படை ஷாம்பேனுக்குள் புகுந்தது. வித்ரி என்ற ஊரில் தேவாலயத்துக்குள் தஞ்சம் புகுந்தவர்களோடு தேவாலயமே எரிந்தது. செத்தவர்கள் 1,000-க்கும் மேல்!

கல்யாணமாகி எட்டு வருடம் பிள்ளை இல்லை. 1145-இல்தான் மூத்த மகள் மாரி பிறந்தார். ராஜாவை மணந்தேன் என்று நினைத்தேன், வாய்த்தது சாமியார் என்று எலினோர் புலம்பியதாக அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதியே வைத்துவிட்டார்!

போப் விரித்த படுக்கை!

1147-இல் இரண்டாம் சிலுவைப் போருக்குக் கணவரோடு கிளம்பிவிட்டார் எலினோர். பாரிசிலிருந்து தரைவழியாகக் கான்ஸ்டான்டிநோபிள், அங்கிருந்து அந்தியோக்கியா! 1148 ஜனவரியில் துருக்கி மலைப்பாதையில் படை சின்னாபின்னமானது. லூயி மன்னர் மரவேர்களைப் பற்றிக்கொண்டு பாறைமேல் ஏறி உயிர் பிழைத்தார். பகட்டில்லாத உடையில் இருந்ததால், அவர்தான் மன்னர் என்று எதிரிகளுக்கே தெரியவில்லை!

அந்தியோக்கியாவில் யார்? அதே சித்தப்பா ரேமண்ட்! சித்தப்பாவும் மகளும் மணிக்கணக்கில் பேசினார்கள். ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. நாம் அந்த வதந்திக்குள் போகப்போவதில்லை. ஆனால் ஒன்று உண்மை. நமக்குள் ரத்த உறவு இருக்கிறது, இந்தக் கல்யாணமே செல்லாது என்று எலினோர் கணவரிடம் முதலில் சொன்னது அங்கேதான்! ராத்திரியோடு ராத்திரியாக அவரை இழுத்துக்கொண்டு கிளம்பினார் லூயி.

அடுத்த வருடமே சித்தப்பா போர்க்களத்தில் மாண்டார். அவர் தலை வெள்ளிப் பெட்டியில் பாக்தாத் கலீஃபாவுக்குப் போனது!

ஊர் திரும்பும்போது கணவர் ஒரு கப்பல், மனைவி ஒரு கப்பல். வழியில் எலினோரின் கப்பலை பைசாந்தியக் கப்பல்கள் மடக்க, சிசிலிக் கப்பல்கள் வந்து மீட்டன. இத்தாலியில் போப் மூன்றாம் யூஜின் இருவரையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசினார். பேச்சோடு விட்டாரா? தன்னுடைய விலையுயர்ந்த திரைச்சீலைகளால் அலங்கரித்து, இரண்டு பேருக்கும் ஒரே படுக்கையைத் தயார் செய்யச் சொன்னார்! பலன் கிடைத்தது. 1150-இல் ஒரு குழந்தை. ஆனால் அதுவும் பெண்! வாரிசுக்கு ஆண் பிள்ளை வேண்டும் என்று காத்திருந்த லூயி நொந்துபோனார்.

1152 மார்ச் 21. கல்யாணம் ரத்து! காரணம், நாலாம் தலைமுறை ரத்த உறவு.

எட்டே வாரத்தில் இரண்டாம் கல்யாணம்!

அக்குவிட்டேன் மறுபடி எலினோர் கைக்கே வந்தது. அவ்வளவுதான், வழியெல்லாம் மாப்பிள்ளைகள்! ஊர் திரும்பும் வழியில் அவரைக் கடத்திக் கட்டாயக் கல்யாணம் செய்துகொள்ள இரண்டு பேர் மறைந்திருந்தார்கள். ஒருவர் புளுவா பிரபு திபோ. இன்னொருவர் அஞ்சு பிரபுவின் தம்பி ஜெஃப்ரி. இரண்டு பேரிடமும் சிக்காமல் பறந்துவிட்டார் எலினோர்!

அவர் மணந்தது யாரைத் தெரியுமா? கடத்த வந்த ஜெஃப்ரியின் அண்ணனை! 1152 மே 18, புவாத்தியேவில் கல்யாணம். மாப்பிள்ளை ஹென்றிக்கு வயது 19. எலினோருக்கு 30-ஐ ஒட்டிய வயது!

வேடிக்கையைக் கேளுங்கள். ரத்த உறவு என்றுதானே முதல் கல்யாணம் ரத்தானது? லூயியைவிட இந்த ஹென்றிதான் எலினோருக்கு நெருங்கிய ரத்த உறவு!

1154 டிசம்பர் 19. ஹென்றி இங்கிலாந்து மன்னர். எலினோர் இங்கிலாந்து ராணி. ஸ்காட்லாந்து எல்லையிலிருந்து பிரனீஸ் மலைவரை ஒரே குடும்பத்தின் ஆட்சி!

லூயிக்கு 15 வருடத்தில் இரண்டு பெண்கள். ஹென்றிக்கு 15 வருடத்துக்குள் எட்டுப் பிள்ளைகள், அதில் ஐந்து ஆண்கள்! லூயிக்கு வயிறு எரியாதா? மூன்றாவது மனைவி மூலம் 1165-இல்தான் அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது!

மருமகனே மச்சான்!

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். தலை சுற்றினால் நாங்கள் பொறுப்பல்ல!

எலினோரைக் கடத்த மறைந்திருந்தாரே, திபோ? அவரையேதான் எலினோரின் இரண்டாவது மகள் அலீக்ஸ் மணந்தார். கடத்த வந்தவர் மருமகன்! மூத்த மகள் மாரியை மணந்தது திபோவின் அண்ணன், ஷாம்பேன் பிரபு. சரி, லூயியின் மூன்றாவது மனைவி யார்? இந்த இரண்டு அண்ணன்மாரின் தங்கை அடேல்! ஆக லூயிக்கு மருமகன்களே மச்சான்கள். நம்மூர் வழக்கப்படி தாய்மாமனுக்கே பெண்ணைக் கொடுத்த கதைதான், என்ன, இங்கே தாய் மாற்றாந்தாய்!

போதவில்லையா? லூயிக்கு இரண்டாவது மனைவி மூலம் ஒரு மகள், மார்கரெட். எலினோருக்கு ஹென்றி மூலம் ஒரு மகன், அவனும் ஹென்றிதான். 1160-இல் இந்த இருவருக்கும் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வயது 5, பெண்ணுக்கு 2 வயதுதான்! முன்னாள் கணவரே எலினோருக்குச் சம்பந்தி ஆனார்!

அதே லூயியின் இன்னொரு மகள் ஆலிஸ், எலினோரின் மகன் ரிச்சர்டுக்கு நிச்சயிக்கப்பட்டவர். 20 வருடத்துக்கு மேல் நிச்சயம் நிச்சயமாகவே இருந்தது. கல்யாணம் மட்டும் நடக்கவே இல்லை!

ஆண் வேடத்தில் ஒரு ராணி!

1168-இல் புவாத்தியே அருகே ஒரு மறைவுத் தாக்குதல். அதில் பிடிபட்ட ஓர் இளம் வீரனைப் பணயப்பணம் கட்டி மீட்டார் எலினோர். கையில் காலணா இல்லாத அந்தப் பையன் பெயர் வில்லியம் மார்ஷல். பிற்காலத்தில் இங்கிலாந்துக்கே அரசப் பிரதிநிதி!

1173-இல் மூன்று மகன்கள் அப்பா ஹென்றிக்கு எதிராகக் கிளம்பினார்கள். பின்னால் நின்றது அம்மா! மகன்களுக்கு அடைக்கலம் கொடுத்தது யார்? முன்னாள் கணவர் லூயி! அவரிடம் சேர எலினோரும் புறப்பட்டார். ஆண் வேடம் போட்டுக்கொண்டு! வழியிலேயே ஹென்றியின் ஆட்கள் பிடித்துவிட்டார்கள்.

விளைவு? 1189 வரை காவல். கிட்டத்தட்ட 16 வருடம்! பெற்ற பிள்ளைகளை அப்பா மன்னித்துவிட்டார். மனைவியை மட்டும் கடைசிவரை விடுதலை செய்யவில்லை.

ஹென்றியின் காதலி ரோசமண்டுக்கு எலினோர் விஷம் கொடுத்தார் என்று ஒரு கதை நூற்றாண்டுகளாக ஓடுகிறது. நம்பாதீர்கள்! ரோசமண்ட் இறந்த 1176-இல் எலினோர் காவலில் இருந்தார். கோட்டைக் கதவைத் தாண்டவே அனுமதி இல்லாதவர் விஷக் கிண்ணத்தோடு எங்கே போவது?

1189 ஜூலை. ஹென்றி இறந்தார். அம்மாவை விடுவித்து வா என்று புது மன்னர் ரிச்சர்ட் ஆள் அனுப்பினார். போனது யார்? அதே வில்லியம் மார்ஷல்! அவர் வின்செஸ்டர் போய்ச் சேர்ந்தபோது ராணி ஏற்கெனவே வெளியே வந்து நாட்டு வேலையைக் கவனித்துக்கொண்டிருந்தார். காவலர்களுக்குக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரியாதா? வெளியே வந்ததும் நாடெங்கும் சிறைக்கதவுகளைத் திறந்துவிடச் சொன்னார் எலினோர்!

65-க்கு மேல்தான் ஆட்டமே ஆரம்பம்!

மகன் ரிச்சர்ட் சிலுவைப் போருக்குப் போய்விட்டார். கல்யாணம் முக்கியமில்லையா? நவார் நாட்டு இளவரசி பெரெங்காரியாவை அழைத்துக்கொண்டு, குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலி முழுக்க இறங்கி, சிசிலித் தீவின் மெசினாவில் மகன் முன்னால் நிறுத்தினார் அம்மா. 1191 மார்ச் 30-இல் சேர்ந்தவர் ஏப்ரல் 2-இல் திரும்பிவிட்டார். பல மாதப் பயணம், தங்கியது நாலே நாள்!

அங்கே விட்டுவந்த மகள் ஜோன், சிசிலியின் விதவை ராணி. அவரை யாருக்குக் கட்டிவைக்கலாம் என்று அண்ணன் ரிச்சர்ட் யோசனை சொன்னார் தெரியுமா? சுல்தான் சலாவுதீனின் தம்பி அல்-ஆதிலுக்கு! சிலுவைப் போருக்கு நடுவில், எதிரி வீட்டில் சம்பந்தம்! ஜோன் பொங்கி எழுந்தார். பேச்சு முறிந்தது.

1192 டிசம்பர். திரும்பி வந்த ரிச்சர்ட் வியன்னா அருகே பிடிபட்டார். பணயத் தொகை 1,50,000 மார்க். வெள்ளியாக நிறுத்தால் சுமார் 35 டன்! இங்கிலாந்து அரசின் ஆண்டு வருமானத்தைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. எலினோர் அசரவில்லை. எல்லோர் வருமானத்திலும் நாலில் ஒரு பங்கு வரி! தேவாலயங்களின் பொன்னும் வெள்ளியும் வந்து குவிந்தன. சிஸ்டர்சியன் துறவிகளிடம் பொன் ஏது? அவர்கள் வளர்த்த ஆடுகளின் அந்த வருடத்துக் கம்பளி முழுவதும் போனது!

இந்த நேரத்தில் கடைக்குட்டி ஜான் என்ன செய்தார்? லூயியின் மகனான பிரான்ஸ் மன்னர் பிலிப்போடு சேர்ந்து, அண்ணனை இன்னும் சில மாதம் உள்ளேயே வைத்திருந்தால் 80,000 மார்க் தருகிறோம் என்று ஜெர்மானியப் பேரரசருக்கு ஆசை காட்டினார்! கூடப்பிறந்த பாசம் என்றால் இதுதான்!

பணத்தோடு ஜெர்மனிக்கே நேரில் போய்விட்டார் 70 வயது அம்மா. 1194 பிப்ரவரி 4, மைன்ஸ் நகரம். மகன் கைக்கு வந்தார்! துரோகம் செய்த தம்பியை அண்ணன் என்ன செய்தார்? சின்னப் பையன், விட்டுத்தள்ளு என்று மன்னித்துவிட்டார். அந்தச் ‘சின்னப் பையனுக்கு’ அப்போது வயது 27!

1199 கொடுமையான வருடம். ஏப்ரலில், ஷாலூ கோட்டை முற்றுகையில் பாய்ந்த வில்லம்புக் காயத்தால் ரிச்சர்ட் அம்மாவின் கண் முன்னால் இறந்தார். செப்டம்பரில் மகள் ஜோன் பிரசவத்தில் இறந்தார். இரண்டாவது கணவர் உயிரோடு இருக்கும்போதே, கர்ப்பிணியாக இருந்த நிலையிலேயே, கன்னியாஸ்திரியாக வேண்டும் என்று அடம்பிடித்துச் சாகும் முன் ஆகியும்விட்டார் ஜோன்! பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேரை எலினோர் பறிகொடுத்திருந்தார். மிச்சம் இருந்தது ஒரு மகனும் ஒரு மகளும்.

பேத்தியைத் தேடி ஒரு பயணம்!

அழுதுகொண்டு உட்காரவில்லை அந்த அம்மாள். அடுத்த வேலை வந்தது. பிரான்ஸ் பட்டத்து இளவரசருக்கு எலினோரின் பேத்தி ஒருத்தியைக் கட்டிவைத்துச் சமாதானம் செய்யலாம் என்று முடிவானது. பேத்திகள் இருந்ததோ ஸ்பெயினின் காஸ்டிலில். 75-ஐத் தாண்டிய பாட்டி, 1200-ஆம் ஆண்டுக் குளிரில், பிரனீஸ் மலையைக் கடந்து கிளம்பினார். போகும் வழியில் லூசினியான் பிரபு ஹ்யூ மடக்கிப் பிடித்து, கேட்டதை வாங்கிக்கொண்டுதான் விட்டார். அப்போதும் பயணம் நிற்கவில்லை!

எல்லோரும் எதிர்பார்த்தது மூத்த பேத்தி உர்ராக்காவை. பாட்டி கூட்டிக்கொண்டு வந்தது இளையவள் பிளாங்காவை! வயது 12. பாட்டியின் கணிப்பு எப்படி? அந்தப் பிளாங்காதான், பிரெஞ்சுக்காரர்கள் பிளான்ஷ் என்று கொண்டாடும் ராணி. மகனுக்காக இரண்டு முறை பிரான்சையே ஆண்டவர்! உர்ராக்காவும் வீண்போகவில்லை, போர்ச்சுகலின் ராணியானார்.

இந்தக் கட்டுரையிலேயே எங்களுக்குப் பிடித்த கண்டுபிடிப்பு இப்போது வருகிறது. பிளாங்காவின் மாப்பிள்ளை யார்? எலினோரின் முதல் கணவர் லூயியின் பேரன்! 1152-இல் பிரிந்த இருவரின் ரத்தமும் 1200-இல் மறுபடி சேர்ந்தது. இவர்களுக்குப் பிறந்த ஒன்பதாம் லூயி, பிரிந்துபோன அந்த இரண்டு பேருக்கும் கொள்ளுப்பேரன்! 15 வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கொடுக்க முடியாத ஆண் வாரிசு, மூன்று தலைமுறை தள்ளி வந்து சேர்ந்தது!

வறுத்த புறாவும் 48 மணி நேரமும்!

1202. பாட்டிக்கு 80-ஐ நெருங்கும் வயது. மிரபோ கோட்டையில் தங்கியிருந்தார். படையோடு வந்து வளைத்தது யார்? 15 வயதுப் பேரன் ஆர்தர்! ரிச்சர்டுக்குப் பின் மன்னரான சித்தப்பா ஜானிடமிருந்து மகுடத்தைப் பிடுங்க, பாட்டியைப் பிணையாகப் பிடிக்கும் திட்டம். வெளிக்கோட்டை விழுந்தது. பாட்டி உள்கோபுரத்தில் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜான் இருந்தது லெ மான் நகரில். தூரம் சுமார் 130 கிலோமீட்டர். சோம்பேறி என்று பேரெடுத்த ஜான் அன்றைக்கு ஓடிய ஓட்டம்! இரவும் பகலும் குதிரையை விரட்டி 48 மணி நேரத்தில் வந்து நின்றார். ஆகஸ்ட் 1 காலை. எதிரிகள் சாவகாசமாக இருந்தார்கள். தளபதிகளில் ஒருவரான ஜெஃப்ரி தெ லூசினியான் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். தட்டில் வறுத்த புறா! சாப்பிட்டு முடிக்கவில்லை, சங்கிலி மாட்டிவிட்டார்கள். பிடிபட்ட வீரர்கள் 200-க்கும் மேல்! ஆர்தர்? அடுத்த வருடத்துக்குப் பிறகு அந்தப் பையனை யாருமே பார்க்கவில்லை!

1204 மார்ச் 6. நார்மண்டியில் ரிச்சர்ட் கட்டிய ஷாத்தோ கையார் கோட்டை பிரெஞ்சுக்காரர்கள் வசம் போனது. மூன்றரை வாரம் கழித்து எலினோர் கண்ணை மூடினார். பதினைந்து வயதுக்குள் ராணியானவர், 80 வயதுவரை களத்தில்!

பேரன் பேத்தி என்று எண்ணத் தொடங்கினால்...

பிள்ளைகளில் மூன்று பேர் முடிசூடிய மன்னர்கள், இரண்டு பேர் ராணிகள். கடைக்குட்டி ஜான்தான் 1215-இல் மாக்னா கார்ட்டாவுக்கு முத்திரை வைத்தவர்!

பேரன் ஆட்டோ, புனித ரோமப் பேரரசர்! இன்னொரு பேரன் ஷாம்பேன் ஹென்றி, ஜெருசலேம் ராஜ்யத்தையே ஆண்டவர். செத்தது எப்படி? 1197-இல் ஆக்கர் நகர அரண்மனை ஜன்னலிலிருந்து கீழே விழுந்து!

கொள்ளுப்பேரன்களில் இரண்டு பேர் புனிதர்கள். ஒருவர் பிரான்சின் ஒன்பதாம் லூயி, புனிதரானது 1297-இல். மற்றவர் காஸ்டிலின் மூன்றாம் ஃபெர்டினாண்ட், 1671-இல். இருவரும் அக்கா தங்கை பிள்ளைகள்! அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம் யார் பெயரில் இருக்கிறது? எலினோரின் கொள்ளுப்பேரன் பெயரில்!

மகள் மெட்டில்டாவின் வம்சத்தில் வந்ததுதான் ஹனோவர் அரச குடும்பம். விக்டோரியா மகாராணி அந்தக் குடும்பம்தான். இன்றைய மன்னர் சார்லஸ் வரை அந்த ரத்தம் ஓடுகிறது!

எலினோர் கொண்டுபோன சீதனத்தைப் பிரான்ஸ் முழுதாகத் திரும்பப் பெற்றது எப்போது தெரியுமா? 1453-இல்! 1152-லிருந்து கணக்குப் போடுங்கள், 301 வருடம்! அத்தனை காலமும் போர்டோ துறைமுகத்து ஒயின் பீப்பாய்கள் இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டே இருந்தன.

ஹாலிவுட் விடுமா? 1968-இல் வந்த ‘தி லயன் இன் வின்டர்’ படத்தில் எலினோராக நடித்தார் காத்ரின் ஹெப்பர்ன். ஆஸ்கர் கிடைத்தது. அந்த வருடம் சிறந்த நடிகைக்கான விருது இரண்டு பேருக்குச் சமமாகப் போனது. மற்றவர் பார்பரா ஸ்ட்ரைசாண்ட். எலினோர் கதை என்றாலே எதுவும் ஒன்றோடு நிற்பதில்லை!

எலினோரைப் புதைத்தது ஃபோன்டெவ்ரோ மடத்தில். ஆண் துறவிகளையும் பெண் துறவிகளையும் சேர்த்து ஒரு பெண்ணே ஆண்ட மடம் அது! 16 வருடம் அடைத்து வைத்த ஹென்றியின் அருகிலேயே எலினோரின் சிலை படுத்திருக்கிறது. பக்கத்தில் மகன் ரிச்சர்ட். எலினோரின் கையில் மட்டும் விரித்த புத்தகம். எல்லோரும் தூங்க, இவர் மட்டும் படித்துக்கொண்டிருக்கிறார்! பிரெஞ்சுப் புரட்சியில் எலும்புகள் போன இடம் தெரியவில்லை. மடத்தையோ நெப்போலியன் சிறைச்சாலை ஆக்கினார். 1963 வரை அது சிறையாகவே இருந்தது!

எலினோர் கைப்பட்ட பொருள் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? ஒன்றே ஒன்று! பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் ஒரு பளிங்குக் குடுவை. ஒரே ஸ்படிகக் கல்லைக் குடைந்து, மேலெல்லாம் தேன்கூட்டு அறைகள்போலச் செதுக்கியிருக்கிறார்கள். ஸ்பெயினின் ஸரகோசாவை ஆண்ட முஸ்லிம் மன்னர், பாட்டுக்காரத் தாத்தாவுக்குக் கொடுத்ததாம் அது. தாத்தாவிடமிருந்து பேத்திக்கு வந்தது. பேத்தி அதைக் கல்யாணப் பரிசாக லூயிக்குக் கொடுத்தார். லூயி அதை மடாதிபதி சூஷேவுக்குக் கொடுத்தார். அவரோ பொன்னும் மணியும் பூட்டி, கை மாறிய கதை முழுவதையும் அடிப்பாகத்தில் பொறித்து, செயின்ட் டெனி தேவாலயத்துக்குக் காணிக்கையாக்கினார். ராஜ்யங்கள் போயின, எலும்புகூடப் போனது, கண்ணாடிபோன்ற அந்தக் குடுவை மட்டும் உடையவில்லை!

பாரிஸ் போகிறவர்கள் மோனலிசா முன்னால் முண்டியடித்துச் செல்ஃபி எடுத்தது போதும். ரிஷெலியூ பகுதிக்கு வாருங்கள். செயின்ட் டெனி பொக்கிஷங்களோடு இந்தக் குடுவையும் இருக்கிறது. உயரம் வெறும் 33.7 சென்டிமீட்டர். வயது, எலினோரைவிடப் பல நூற்றாண்டு மூப்பு!